பங்குகளுக்கு ஒரு முகூர்த்தம்

"ஒரே வரியில சொல்லு மா. நான் விக்கவே விக்காத பங்குக்கு எதுக்கு வரி கட்டணும்?"

மருதப்பன் மூன்றாவது முறையாகக் கேட்டார். கணக்காளர் பிரசாந்தியும் மூன்றாவது முறையாகப் பொறுமையைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

சிராங்கூன் சாலையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மருதப்பனுக்கு இன்னொரு கம்பெனியும் உண்டு. பங்கு வாங்கி விற்பதுதான் அதன் ஒரே தொழில். அவரும் மனைவி வள்ளிநாயகியும் இயக்குநர்கள். முடிவெடுப்பது அவர், கைபேசியில் தட்டுவது அவள். தலா ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு டாலருக்கு, வாங்கிய ஒரு லட்சம் பங்கு சென்ற ஆண்டு மளமளவென்று ஏறியது. அதை விற்றுச் செம்பவாங்கில் மகள் வீட்டருகே பெரிய ஃபிளாட் வாங்கித் தருவதாக வள்ளிநாயகிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. விற்பதற்காக வைத்த சரக்கு என்றால் லாபத்துக்கு வரி. நெடுநாள் முதலீடு என்றால் வரி இல்லை. ஆகவே, சரக்கை முதலீடு என்று மாற்றி எழுதிவிட்டு, கொஞ்ச நாள் பொறுத்து விற்றால் போயிற்று.

பிரசாந்தி அன்றே எச்சரித்தாள். மாற்றுகிற நாளின் சந்தை விலைக்கு விற்றதாகவே வரி அலுவலகம் கணக்கு வைக்கும், அதனால் நாள் பார்த்து மாற்றுங்கள் என்றாள். "விலை இறங்கிய நாளாக..." என்று அவள் முடிப்பதற்குள் மருதப்பன் படியிறங்கிவிட்டார். நாள் பார்ப்பது அவருக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா?

பஞ்சாங்கம் பார்த்தார். வளர்பிறை, அமிர்தயோகம், ராகுகாலம் தொடாத பத்தரை மணி. பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு, மாற்றத்துக்கான கம்பெனித் தீர்மானத் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கையெழுத்திட்டார். அன்று அந்தப் பங்கு இரண்டு வெள்ளி எண்பது காசு. பிறந்ததிலிருந்து அது அவ்வளவு உயரம் போனதில்லை.

இப்போது பிரசாந்தி பங்குத் தரகரின் அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னால், அந்த மஞ்சள் தாளை மட்டும் கொண்டுவந்திருந்தார்.

"இதன்படி லாபம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வெள்ளி, அங்கிள். வரி முப்பதாயிரத்துச் சொச்சம்."

"இப்ப அது எழுபது காசு மா. முதலே தேறாது."

"அது முதலீட்டு நஷ்டம். கழிக்க முடியாது."

அப்படியானால் திரும்பவும் சரக்காக மாற்றிவிடலாம் என்றார். வியாழக்கிழமை நாள் நன்றாக இருந்தது. மாற்றலாம், ஆனால் எழுபது காசுக்கு வாங்கிய சரக்காகத்தான் கணக்கு, அதற்கு முன் விழுந்தது விழுந்ததுதான் என்றாள் அவள்.

மருதப்பன் குரலைத் தாழ்த்தினார். தாளில் இருக்கும் தேதியைக் கொஞ்சம் மாற்றி எழுதினால்?

"எழுதலாம். மிச்சத்தைச் சாங்கி ஜெயில்ல உக்காந்து பேசிக்கலாம்." பிரசாந்தி பேனாவை மூடினாள். "லாபம்னா உங்களுது, நஷ்டம்னா கவர்மென்டுது. அப்படி ஒரு வகை சட்டத்துல இல்ல லா, அங்கிள்."

லிட்டில் இந்தியாவில் ரயிலேறினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வள்ளிநாயகியிடம் சொல்ல ஒரு பொய் ஏறியது. வீடு இருக்கும் தெம்பனிஸ் வருவதற்குள் எல்லாப் பொய்களும் இறங்கிவிட்டன. உண்மை மட்டும் மடியில் கனத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வள்ளிநாயகி சமையலறையில் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார். முதலீடு, விலை விழுந்தது, விற்காமலே வந்த வரி, அத்தனையும். மூன்று மாதமாக மறைத்ததையும் சொன்னார். கடைசியில் அந்த மஞ்சள் தாளை அவள் முன் வைத்தார்.

"செம்பவாங் ஃபிளாட்டை மறந்துடு வள்ளி. உனக்கு நான் நல்லது ஒண்ணுமே செய்யல."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"அந்தப் பங்கா?" என்றாள். "நீங்க நாள் பாக்கிறீங்கன்னு தெரிஞ்சதுமே இது உருப்படாதுன்னு தோணிருச்சுங்க, அன்னிக்குப் பத்தரைக்கே மொத்தத்தையும் வித்துட்டேன்."