கெவுளி யாருக்குச் சொன்னது?

விமானப்படையில் நான் சார்ஜென்ட். ஏன் ஆபீசர் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், கொஞ்சம் மார்க்கில் போய்விட்டது, குடும்பச் சூழ்நிலை என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பிவிட்டால் அதைவிட மோசம். என் உத்தியோகத்தை முடிவு செய்தது ஒரு பல்லி. அதுவும் எனக்காகத்தான் கத்தியதா என்று இன்றுவரை தீராத பல்லி.

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு விமானப்படைக்கு இரண்டு பரீட்சை எழுதினேன். ஒன்று ஏர்மேன் வேலைக்கு. இன்ஜின், ஸ்பானர் என்று கீழிருந்து தொடங்கும் வேலை. இன்னொன்று நேராக ஆபீசர் ஆவதற்கு. ஏர்மேன் வேலை உறுதியாகி, பெல்காமுக்குப் பயிற்சிக்கு வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். ஆபீசருக்கு எழுத்துத் தேர்வில் மட்டும்தான் தேறியிருந்தேன். ஐந்து நாள் நேர்காணல் பாக்கி. அதற்குப் போகிறவர்களில் பெரும்பாலோரை முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கேள்வி.

இரண்டும் ஒரே வாரத்தில் வந்து தொலைத்தன. பெல்காமுக்குப் போனால் ஆபீசர் கனவு போயிற்று. நேர்காணலுக்குப் போனால் பெல்காம் வேலை போயிற்று. நேர்காணலுக்குப் போய்த் தோற்றும் வந்தால் இரண்டும் போய், அப்பாவுடன் லாரிக்குத் தேங்காய் ஏற்ற வேண்டியதுதான்.

பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடு அனுப்பும் அப்பாவுக்கு உலகமே லாரிதான். விமானத்தையும் அதில்தான் ஏற்றினார்.

"ஆபீசருன்னா டிரைவரு. ஏர்மேன்னா கிளீனரு. என்ற பையன் கிளீனரு ஜோலிக்குப் போறதா?"

"எல்லா ஆபீசரும் பிளேன் ஓட்ட மாட்டாங்கப்பா. ஆபீஸ்ல உக்கார்றவங்களும் இருக்காங்க."

"அப்பறம் யாருதான்டா ஓட்டறது?" என்று கேட்டார். நாட்டின் பாதுகாப்பு குறித்து அவர் உண்மையிலேயே கவலைப்பட்டது போலத் தெரிந்தது.

அம்மா கட்சி வேறு. "கிளீனரானா என்னுங்க? கைல கெடச்ச ஜோலியுங்க. இதை உட்டுப்போட்டு அக்கட்டால போயி, அங்கயும் தொரத்திப்போட்டா?"

நான் எந்தக் கட்சி? அதைத்தான் இன்று நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது. காலையில் ஆபீசர் கட்சி, சாயங்காலம் ஏர்மேன் கட்சி. நேர்காணலில் ஆங்கிலத்தில் குழு விவாதம் நடத்துவார்கள் என்று கேட்டதும், தோப்பில் மூன்று தென்னை மரங்களை எதிராளிகளாக வைத்துப் பேசிப் பழகினேன். (அந்த விவாதத்திலும் எனக்குப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை.)

கடைசியில் அப்பா, "கெவுளி கேட்டுப்போடலாம்" என்றார்.

பல்லியை நாங்கள் கெவுளி என்போம். கல்யாணம், கிணறு, வழக்கு என்று எது குழம்பினாலும் கோயிலில் போய், கேள்வியை மனதில் நினைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சாமிக்கு வலப்பக்கம் கெவுளி கத்தினால் சம்மதம். இடப்பக்கம் கத்தினால் வேண்டாம். கத்தாவிட்டால் கத்தும்வரை உட்கார வேண்டும். இயற்பியலில் நல்ல மார்க் வாங்கியிருந்த நான் இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. வேறு யாராவது முடிவு செய்தால் போதும், அதற்கு எத்தனை கால் இருந்தால் என்ன?

அப்பா, அம்மா, நான் மூவரும் போனபோது கோயிலில் ஆறுச்சாமி மாமா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், அப்பாவுக்கு மச்சான் முறை. அவர் தோட்டத்துக் கிணறு வற்றி, தென்னையெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. வடகிழக்கு மூலையில் போர்வெல் போடலாமா என்று கேட்க வந்திருந்தார். ரிக் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

"நீங்க என்ன விசயமாங்க மாப்ள?"

"பையனுக்குங்க மச்சா. ஆபீசருக்குப் போலாமான்னு."

"தாராளமா கேளுங்க. ஆரு வேண்டாங்கறா?"

இரண்டு பேரும் அருகருகே சம்மணமிட்டு உட்கார்ந்து தேங்காய் விலையைப் பேச ஆரம்பித்தார்கள். பூசாரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "சித்தே சும்மா இருங்க. கெவுளி பேசோணுமல்லங்க?" என்று அதட்டினார். அதன்பின் பேச்சில்லை. கொசு மட்டும் பேசியது. எனக்குக் கால் மரத்துப் பசி காதை அடைத்த நேரத்தில், வலப்பக்கச் சுவரிலிருந்து தெளிவாக வந்தது அந்தச் சத்தம்.

"சொல்லிப்போட்டுது!" என்று அப்பா துள்ளி எழுந்தார்.

"சொல்லிப்போட்டுது!" என்று ஆறுச்சாமி மாமாவும் துள்ளி எழுந்தார்.

இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிப் பிடித்த கை பாதியில் அப்படியே நின்றது. இரண்டு முகங்களிலும் ஒரே சந்தேகம் ஏறியதை நான் பார்த்தேன்.

"மச்சா, இது பையனுக்குச் சொன்னதுங்க."

"ஏனுங்க மாப்ள, மத்தியானத்துலிருந்து உக்கோந்திருக்கறது நானுங்க. நீங்க இப்பத்தான வந்தீங்க?"

"கெவுளி என்ற பையன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுச்சுங்க."

"அது செவுத்தப் பாத்துட்டு இருந்துச்சுங்க. நான் பாத்தனல்ல?"

சத்தம் ஏறியது. பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பியவர்கள் எல்லோரும் கோயிலுக்குள் வந்துவிட்டார்கள். கெவுளியையே மறுபடி கேட்கலாம் என்று ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் சுவரிலிருந்த டியூப்லைட்டைத் தட்டிப் பார்த்தார்கள். கெவுளி எப்போதோ கூரை ஓட்டுக்குள் போய்விட்டது. அதற்காவது புத்தி இருந்தது.

அப்போதுதான் பூசாரி என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஜோலிக்குப் போறது நீ. நீ சொல்லு. உனக்கு எது வேணும்?"

அப்பா என்னைப் பார்த்தார். ஆபீசர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே ரயில் ஏற்றிவிடுவார். அம்மா என்னைப் பார்த்தார். ஏர்மேன் என்றால் இந்த ரகளையே முடிந்துவிடும். நான் மிக மரியாதையாகச் சொன்னேன்.

"கெவுளி திரும்ப வரட்டுமுங்க. கேட்டுக்கலாம்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கோயிலே சிரித்தது. பால் கேனை இடுப்பில் வைத்திருந்த ஓர் அக்கா, "இவனா ஆபீசரு? அங்க சண்ட வந்தா, கெவுளி சொல்லட்டும்னு உக்கோந்திருப்பானாட்ட இருக்குது" என்றார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. பிற்பாடு தெரிந்துகொண்டேன், அந்த ஐந்து நாள் நேர்காணலில் அவர்கள் பார்ப்பதே முடிவெடுக்கத் தெரிகிறதா என்பதைத்தான். அந்த அக்கா ஐந்து நொடியில் பார்த்துவிட்டார்.

முதலில் வந்தவருக்கே வாக்கு என்று பூசாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார். சம்மதம் போர்வெல்லுக்குப் போனது. எனக்குக் கெவுளி ஒன்றும் சொல்லவில்லை என்றாகிவிட்டது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "கிளீனருக்கே போ" என்றார்.

போனேன்.

பெல்காமில் தலையை மழித்து, வெயிலில் நடக்கவிட்டு, நடந்தது சரியில்லை என்று மறுபடி நடக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பேச அனுமதி கிடைத்தது. அப்பாவின் குரலில் துக்கமும் வெற்றியும் ஒன்றாக இருந்தன.

"டேய், ஆறுச்சாமி எழுநூறடி போட்டுப் பாத்துட்டான். வெறும் புழுதிடா! சொட்டுத் தண்ணியில்ல."

"அய்யோ, பாவமுங்கப்பா."

"பாவந்தான். ஆனா யோசிச்சுப் பாரு. கெவுளி பொய் சொல்லாது. அப்ப அந்த வாக்கு ஆருளுது? நம்முளுது! நீ உங்க பெரியவருகிட்ட வெவரத்தைச் சொல்லி, ஆபீசருக்கு மாத்திக் குடுக்கச் சொல்லு."

என்னவென்று சொல்வது? சார், சம்மதம் எனக்குத்தான் வந்தது, பக்கத்துத் தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டது என்றா? அப்பாவிடம் கத்த வேண்டும் போலிருந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் இருபது மொட்டைத் தலைகள் போனுக்குக் காத்திருந்தன. "சொல்றேனுங்கப்பா" என்று வைத்துவிட்டேன்.

சர்வீஸில் இருந்துகொண்டே ஆபீசர் ஆகவும் வழி உண்டு. இரண்டு முறை நேர்காணலுக்குப் போனேன். இரண்டு முறையும் முதல் நாள் சாயங்காலமே பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். ஆக, அந்த வாக்கு எனக்கும் இல்லை, போர்வெல்லுக்கும் இல்லை. கெவுளி ஏதோ பூச்சியைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "நேரத்துக்குப் போயிருந்தா ஆயிருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இன்ஜின் வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் என் பொறுப்பிலிருக்கும் விமானம் ஓடுபாதைப் பக்கம் போகாது. இதை ஒவ்வொரு லீவிலும் ஊரில் சொல்கிறேன். யாரும் காதில் வாங்குவதில்லை. ஏனென்றால் ஆறுச்சாமி மாமா தண்ணீர் வராத அந்தப் போர்வெல்லின் மேல் ஒரு பாறாங்கல்லை வைத்து மூட, ஊர் அதற்கு ஆபீசர் குழி என்று பேர் வைத்துவிட்டது. வாக்கைத் தட்டிப் பறித்த குற்ற உணர்வில் மாமா இன்றும் என்னை, "வாங்க ஆபீசர்" என்றுதான் கூப்பிடுகிறார். எங்கள் வீட்டுக்கு வழி கேட்பவர்களுக்கும், "ஆபீசர் குழி தாண்டி மொதல் ஊடு" என்றே சொல்கிறார்கள்.

போன லீவில் ஒரு கூரியர்காரப் பையன் அப்படித்தான் வழி கேட்டு வந்து சேர்ந்தான். வாசலில் என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்று, "ஆபீசர் சார் நீங்கதானுங்களா?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"இல்லீங்க தம்பி, ஆபீசரு அக்கட்டால எழுநூறடிக்குக் கீழ கெடக்கறாருங்க. இவன் கிளீனரு. பார்சல இவங்கிட்டயே குடுங்க."