சங்குப் பாட்டுக்கு ஒரு மனு

இனிமேல் இந்த வீட்டில் சட்டப்படிதான் எல்லாம் நடக்கும் என்று போன புதன்கிழமை முடிவெடுத்தேன். எல்லாம் ஒரு பாட்டால் வந்தது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பம்ப் கம்பெனி. நான் அங்கே ஃபிட்டர், இப்போது என் மனைவியாக இருக்கும் கிரேஸ் பேக்கிங் பிரிவில். மதியச் சங்கு ஊதினால் வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸ்கள் திறக்கும். யார் வீட்டுக் கருவாடு என்று வாசனையே சொல்லிவிடும். அந்தச் சங்கைப் பற்றி ஒரு பாட்டு. கம்பெனி ஆண்டுவிழா மேடையில் நான் பாடினேன். கைதட்டலில் தகரக் கூரையே அதிர்ந்தது. "யாருப்பா எழுதினது?" என்றார்கள். வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். நான்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. எழுதிய கிரேஸும் திருத்தவில்லை. அப்போது எங்களுக்குள் காதல்.

கம்பெனி மூடி ரொம்ப நாளாச்சு. பழைய ஆட்கள் கவரைப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை கூடுவதாக ஏற்பாடு. என்னோடு வேலை பார்த்த தேசப்பன் போன் பண்ணினான். "பீட்டரு, உன் சங்குப் பாட்டு இல்லாம சோறு எறங்காதுடா!"

எனக்கு முதல் இரண்டு வரிதான் ஞாபகம். மீதி கிரேஸின் நோட்டில்.

"கிரேஸு, அந்த நோட்டைக் குடேன். பாட்டு பாடணும்."

"நீதானே எழுதின? ஊரே சொல்லிக்கினு கீது. யோசிச்சுப் பாடு."

"நீ குடுக்கலன்னா அந்தப் பாட்டை யாருமே கேக்க முடியாதே!"

"கேக்க வேணாம்."

திருநின்றவூரில் எங்கள் பக்கத்து வீட்டு நர்மதா வக்கீல். அவளிடம் ஓடினேன்.

"சட்டத்துல வழி இருக்குண்ணா. கட்டாய உரிமம்னு பேரு. ஏற்கெனவே மேடையேறின பாட்டை, இனிமே பாட விடமாட்டேன்னு உரிமையாளர் மறுத்து, அதனால ஜனங்களுக்கு அது கெடைக்காமப் போச்சுன்னா கோர்ட்டுக்குப் போலாம். அவங்க தரப்பையும் கேப்பாங்க. மறுத்ததுல நியாயம் இல்லன்னா, இவ்ளோ தொகை உரிமையாளருக்குக் குடுத்துட்டுப் பாடுன்னு கோர்ட்டே உரிமம் குடுக்கச் சொல்லும்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள கெடைக்குமா?"

"எந்த வருஷத்து ஞாயித்துக்கெழமை?"

"பேஜாராப் போச்சே!"

"மொதல்ல அவங்ககிட்ட எழுதிக் கேளுங்க. மறுத்தாத்தான் கோர்ட்டு."

கோர்ட் என்ற வார்த்தையைப் பார்த்தாலே பயந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். முழு வெள்ளைத்தாள் எடுத்தேன். காதலிக்கும்போதுகூட அவளுக்கு அவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. 'திருமதி கிரேஸ் அவர்களுக்கு, தங்களால் இயற்றப்பட்ட சங்குப் பாட்டைப் பாட அனுமதி கோருகிறேன். மறுத்தால் கட்டாய உரிமம் கேட்டு நீதிமன்றத்தை நாடுவேன்...' கீழே கையெழுத்து, தேதி.

கிரேஸ் இரண்டு தடவை படித்தாள். கண் லேசாக ஈரமானது. 'தங்களால் இயற்றப்பட்ட' என்ற இடத்தை விரலால் தடவினாள். பிறகு செல்போனை எடுத்துத் தாளைப் போட்டோ பிடித்தாள்.

"எதுக்கு போட்டோ?"

"முப்பது வருஷமா இந்த ஒரு வரிக்குத்தான்யா காத்துக்கினு இருந்தேன்."

என் போன் கிணுகிணுத்தது. பழைய கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என் கையெழுத்தோடு அந்த மனு. அதன் கீழே நாற்பத்தொரு சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை கிரேஸே பாடினாள். தலை நரைத்த அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் வேப்பமரத்தடிக்கே போய் வந்த மாதிரி இருந்தது.

தேசப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எழுதினது அவங்க. பாடினதும் அவங்க. நீ இன்னாதான்டா பண்ண?"

"மனு எழுதினேன்" என்றேன்.