முப்பதாவது படம்

ஒரு மாதம் நடக்க வேண்டிய நடையை ஒரே மாலையில் முடித்துவிடுவது என்று பதியுதீன் தீர்மானித்தார். காலால் அல்ல, கெமராவால்.

காரணம் இருந்தது. இடது காலின் சுண்டுவிரலில் வந்த புண் இரண்டு மாதம் ஆறாமல் கிடந்து, ஒருவழியாக ஆறியிருந்தது. இரத்தத்தில் சீனி இப்படியே இருந்தால் அடுத்த புண்ணுக்கு விரலை எடுக்க வேண்டி வரும், நாளுக்கு முக்கால் மணித்தியாலம் நடங்கள் என்றார் டொக்டர். அதைப் பதியுதீனைத் தவிர வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். மனைவி சபூறாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கட்டாரில் இருக்கும் மகன் பர்ஸான் சட்டம் போட்டான். வாப்பா தினமும் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடக்க வேண்டும். பொழுது பட்டு மஹ்ரிப் தொழுவதற்கு முன்னால் அதற்குச் சாட்சியாக ஒரு படம் குடும்ப வட்ஸ்அப் குழுவில் வர வேண்டும். படம் எடுக்க ஆளில்லை என்று சாக்குச் சொல்லக் கூடாதென்று, போனை மாட்டும் முக்காலி ஒன்றும் கைக்குள் அடங்கும் ரிமோட் ஒன்றும் அனுப்பினான்.

பாவம் பர்ஸான். வாப்பா முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் இருந்தவர் என்பதை மறந்துவிட்டான். நாள்தோறும் எழுத வேண்டிய வேலைக் குறிப்பை மாதக் கடைசியில், பேனை மாற்றி மாற்றி, ஒரே இருப்பில் எழுதி முடித்தவர் அவர். எட்டுச் சேட்டு, நாலு சாரன், இரண்டு தொப்பி. கலந்து உடுத்தினால் முப்பது நாள் வரும். கல்முனையில் ஒரு அலுவல் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பழக்கத்தில் அத்தரும் பூசிக்கொண்டு, சாய்ந்தமருதிலிருந்து நேர் எதிர்ப்பக்கம் ஒலுவிலுக்கு மோட்டார் சைக்கிளை விட்டார்.

ஒலுவிலில் கடல் கரையைத் தின்றுகொண்டு வரும் இடம் ஒன்று உண்டு. தென்னைகள் வேரோடு சரிந்து கிடக்கும். யாருடையதோ வளவுக் கிணறு, சுற்றிவர மண் அரித்துப்போய், சீமெந்து வளையங்களோடு தண்ணீருக்குள் தனியாக நிற்கும். காற்று அதன் வாய்க்குள் போய் முனகும். அஸருக்குப் பிறகு அந்தப் பக்கம் பிள்ளைகளை யாரும் விடுவதில்லை. பதியுதீனுக்கு வேண்டியது அதுதான், ஆளில்லாத கரை.

மூக்குக்கண்ணாடி படத்தில் மின்னுகிறது என்று பர்ஸான் முன்பு சொல்லியிருந்ததால் அதைக் கழற்றிப் பையில் போட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் அவருக்கு எல்லாமே கடல். கிணற்றுக்கு முதுகு காட்டி, ஒரு காலை முன்னால் வைத்து ரிமோட்டை அமத்தினார். டிக். சேட்டை மாற்றினார். டிக். விழுந்த தென்னைக்குப் பின்னால் போய்ச் சாரனை மாற்றினார். டிக். இருபத்தொன்பது வரை எண்ணினார். அப்போது ரிமோட் மணலில் விழுந்தது. தவழ்ந்து தவழ்ந்து தேடியும் கிடைக்கவில்லை. ஒரு நாள் மழை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து சுகம்தான். அஸர் தொழுதால் நேரே காரைதீவு, கனகரெத்தினத்தின் தேத்தண்ணிக் கடை. ரெண்டு வடை, சீனி போட்ட பால் தேத்தண்ணி, எடுத்த வரிசைப்படி ஒரு படம்.

"எப்பிடி இன்டைக்கு நடை?" என்பாள் சபூறா.

"காலு ரெண்டும் கொதிக்குது புள்ள."

தன் மூட்டு வலியையும் பாராமல் அவள் உட்கார்ந்து அவர் காலுக்கு எண்ணெய் தடவினாள். கொஞ்சம் அழுத்தித்தான் தடவினாள்.

ஆறாம் நாள், படத்தை அனுப்பிய கையோடு அவர் கடித்த வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். படத்தில் கிணற்றடியில் ஒரு கறுப்பு. விரலால் பெருப்பித்துப் பார்த்தார். கறுப்பு அபாயா, முகத்தை மூடிய ஒரு பெண். ஏழாம் படத்தில் கிணறு தனியாக இருந்தது. அவள் கரைக்கு வந்திருந்தாள். எட்டாம் படத்தில் இன்னும் பத்தடி கிட்ட. ஒவ்வொன்றிலும் அவள் நேராக நின்று அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அங்கே யாருமே இருக்கவில்லை. அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கண்ணாடி பைக்குள் கிடந்தது மட்டும் ஞாபகம் வரவில்லை. பயந்த மனிதனுக்கு அந்த மாதிரி விஷயங்கள் வருவதில்லை.

அதைவிடப் பயம் என்னவென்றால், குடும்பக் குழுவில் ஒருவரும் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. பர்ஸான் வழக்கம்போலப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினான். மகள் சஹ்லா 'மாஷா அல்லாஹ்' போட்டாள். பத்தாம் நாள் பதியுதீன் போனைச் சபூறாவிடம் நீட்டினார்.

"இதுல ஒனக்கு என்ன தெரியிது?"

அவள் நிதானமாகப் பார்த்தாள். "நீங்க தெரியிறீங்க."

"பொறகு?"

"கடல்."

"எனக்குப் பின்னால?"

"அதுதான் செல்றனே, கடல். வேற என்ன தெரியணும்?"

பதியுதீன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தக் கறுப்பு அபாயாக்காரி தன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறாள்.

பன்னிரண்டாம் படத்தில் முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன. அன்றுதான் இன்னொன்றையும் கவனித்தார். போனில் முப்பது படங்கள் இருந்தன. அமத்தியது இருபத்தொன்பது. ரிமோட் மணலுக்குள். அப்படியானால் முப்பதாவதை எடுத்தது யார்? திறந்து பார்க்கத் தைரியமில்லை. அழிக்கவும் தைரியமில்லை, அழித்தால் அது போனைவிட்டு வெளியே வந்துவிட்டால்?

மறுநாள் காலையில் ஓதிப் பார்க்கும் லெப்பையிடம் ஓடினார். லெப்பை கண்ணை மூடி, தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இது ஒரு இடத்தில நிக்கிற ஆளத்தான் புடிக்கும். அஸருக்கும் மஹ்ரிபுக்கும் இடையில நீங்க எங்கயும் நிக்கவும் படாது, இரிக்கவும் படாது."

"அப்ப என்ன செய்ற?"

"நடங்க. சனம் இரிக்கிற கரையில நடங்க. இனிப்பு வாயில வெக்காதீங்க, அது இனிப்பு வாசத்துக்குத்தான் தேடி வரும்."

பதியுதீன் நடந்தார். சாய்ந்தமருதுக் கரையில் தோணிகளுக்கும் வலைகளுக்கும் இடையில், நிற்காமல், யாருக்கும் ஸலாம் சொல்லக்கூட நிற்காமல் நடந்தார். ரிமோட் இல்லாததால் பத்துச் செக்கன் டைமரை வைத்துவிட்டு ஓடிவந்து படத்துக்குள் நுழைந்தார். புதிய படங்களில் அவள் இல்லை. ஆனால் எல்லாப் படத்திலும் அவர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதம் முடிய இரத்தம் சோதித்த டொக்டர், தாளை இரண்டு தரம் பார்த்தார். சீனி பாதியாக இறங்கியிருந்தது. "விரல் தப்பிட்டு. இப்பிடியே நடந்தாப் போதும்" என்றார். பதியுதீனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எல்லாம் தன்னுடைய மனவுறுதி என்று வழியிலேயே முடிவுசெய்துவிட்டார்.

அந்தத் துணிவில் வீட்டுக்கு வந்ததும், யாருமில்லாத நேரம் பார்த்து, அலுமாரிக்குப் பின்னால் ஒளித்திருந்த இனிப்புத் தொதலில் ஒரு துண்டை வாயில் போட்டார். கையில் வைத்துப் பார்க்க மட்டும் மனம் வராமல், போனை முக்காலியில் மாட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி முப்பதாவது படத்தைத் திறந்தார்.

மணலில் நாலு காலில் தவழும் பதியுதீன். அவருக்கு ஓரடி பின்னால் அவள். வலது கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கைக்குள் சின்னதாகக் கறுப்பாக ஒரு சாமான். ரிமோட்.

அந்த நேரம், யாரும் தொடாத போன் தன்பாட்டில் கெமராவுக்கு மாறி, டிக் என்றது.

தொதல் தொண்டையில் அடைத்தது. மெல்லத் திரும்பினார். வாசலில் சபூறா நின்றாள். அவள் கையிலும் ரிமோட்.

"நீயா?" என்றார், ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்த பிறகு.

"பின்ன ஆரு? எட்டுச் சேட்ட எடுத்திட்டு அத்தரும் பூசிட்டுப் போற மனிசன் எங்க போவான்? ரெண்டாம் கலியாணம் எண்டு நினச்சன். நெஞ்சு அடச்சிப் போச்சி. ஓட்டோவில பின்னாலயே வந்தன். சுத்தி வந்து கிணத்துக்குப் பின்னால ஒளிச்சி நிண்டு பாத்தா, கடலுக்கு முன்னால தன்னந்தனியா நிண்டு சேட்டு மாத்துறாரு. அழுறதா சிரிக்கிறதா எண்டு விளங்கல்ல."

"ஏசியிருக்கலாமே."

"ஏசத்தான் கிட்டக் கிட்ட வந்தன். அப்பதான் ரிமோட் கால்ல தட்டுப்பட்டிச்சி. பாப்பம், படத்தில என்னக் கண்டு ஆளா வெக்கப்படட்டும் எண்டு பேசாம போயிட்டன். புள்ளையளுக்கும் ஒண்டும் கதைக்க வேணாம் எண்டு செல்லி வெச்சன். நீங்க வெக்கப்படல்ல, பயந்தீங்க. சரி, இந்த மனிசன் டொக்டருக்கும் பயமில்ல, எனக்கும் பயமில்ல, ஜின்னுக்குத்தான் பயம் எண்டு விளங்கிச்சி. ஒடனே லெப்பைக்கு போன் எடுத்தன்."

பதியுதீன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கோபமாக இல்லை. அவர் இடது காலின் சுண்டுவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அவருக்கு முதல் தடவையாக உண்மையாகவே வெட்கம் வந்தது.

"நாளைக்கு நீயும் வா புள்ள," என்றார். "சேந்து நடப்பம்."

சபூறா மிச்சத் தொதலை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வாறன். ஆனா நீங்க முன்னால நடங்க. பின்னால வாறது எனக்குப் பழகிட்டு."