நாற்பத்தேழாம் எண் கட்லா

ஒரு குளத்தில் எத்தனை மீன் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. பேச்சை மழை பக்கம் திருப்பிவிடுவேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் சம்பளம் வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

அதில் முதல் இருபத்தொன்பது வருடத்தில் நிலையம் வெளியிட்ட அறிக்கைகளில் பதினாறில் என் பெயர் வந்திருக்கிறது. இரண்டில் மூன்றாவது பெயர். ஐந்தில் நான்காவது. மீதி ஒன்பதில் கடைசிப் பக்கத்து நன்றியுரையில், அதிலும் ஒன்றில் ஜீப் டிரைவருக்குப் பிறகு. (டிரைவர் நல்ல மனிதர், அதைக் குறை சொல்லவில்லை.) முதல் பெயராக ஒரு தடவைகூட வந்ததில்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதே வேகத்தில் முன்னேறினால் நான் முதல் இடத்துக்கு வரும்போது எனக்கு வயது நூற்றுப் பதினொன்று.

அதனால் எங்கள் நிலையத் தலைவரிடம் போய், நானே தனியாக ஓர் ஆய்வு செய்கிறேன் என்று கேட்டேன். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். சரி என்றார். திருப்பூர் வேலம்பாளையத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டரில் செங்காட்டுக் குளம் இருந்தது. அந்தப் பக்கம் சாயத் தண்ணீர் வந்து சேராத குளங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் (எண்ணினேன், இரண்டாவது கை தேவைப்படவில்லை). இது அவற்றில் ஒன்று. வருடா வருடம் நிலையத்திலிருந்து அதில் கட்லாக் குஞ்சுகளை விடுவோம். எத்தனை பிழைக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான். குறைவாக இருந்தால் அடுத்த வருடம் குஞ்சு அதிகம், நிறைய இருந்தால் குஞ்சு குறைவு. அறிக்கையில் என் பெயர் முதலில். இதுதான் ஏற்பாடு.

குளத்து மீனை எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் மீன்களைப் பிடித்து, அடையாளம் குத்தி, திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பிறகு மறுபடி பிடிக்க வேண்டும். முதலில் நூறு மீனுக்கு அடையாளம் குத்தினேன், இரண்டாவதாகப் பிடித்த நூறில் பத்துக்கு அடையாளம் இருக்கிறது என்றால், குளத்தில் பத்தில் ஒரு பங்கு அடையாளத்தோடு இருக்கிறது என்று அர்த்தம். ஆக மொத்தம் ஆயிரம். சின்னப் பிள்ளைக்கும் புரியும். தவறு நடக்க இடமே இல்லை என்று என் திட்டக் குறிப்பில் எழுதியிருந்தேன். அந்தக் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மீனுக்குக் குத்தும் அடையாளச் சீட்டுகளுக்கும், அவற்றைக் குத்தும் துப்பாக்கிக்கும் நிலையத்தில் மூன்று கடிதம் எழுதினேன், இரண்டு நினைவூட்டல் எழுதினேன். இரண்டும் வரவில்லை. இதை வீட்டில் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது என் மனைவியின் தம்பி செல்வராசு வந்திருந்தான். மண்ணரையில் பனியன் செக்கிங், பேக்கிங் யூனிட் வைத்திருந்தான். வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற கோட்டா முறை முடிந்து, ஊரே இரவு பகலாக ஏற்றுமதி செய்துகொண்டிருந்த சமயம் அது.

"அந்தத் துப்பாக்கி எப்படி இருக்குமுங்க மாமா?" என்று கேட்டான்.

படம் வரைந்து காட்டினேன். முனையில் ஊசி, விசையை அழுத்தினால் ஒரு பிளாஸ்டிக் நரம்பு உள்ளே போய்க் குறுக்காக மாட்டிக்கொள்ளும், மறுமுனையில் சீட்டு தொங்கும்.

"இது நம்ம டேக் கன்னுங்க மாமா. யூனிட்ல பதினஞ்சு கெடக்குது. மீனுக்கு வேற, பனியனுக்கு வேறன்னு இருக்குதுங்களா?"

இல்லை என்பதுதான் உண்மை. மீன் ஆராய்ச்சிக்காரர்களும் துணிக்காரர்களும் ஒரே துப்பாக்கியைத்தான் பயன்படுத்துகிறார்கள். இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்த எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. சீட்டுக்கும் அவனே வழி சொன்னான். நாலாயிரம் பீஸ் குழந்தை பனியன் ஆர்டர் ஒன்று கேன்சலாகி அவனிடம் கிடந்தது. அதற்கு வந்த பிளாஸ்டிக் சீட்டு ஒரு மூட்டை, யூனிட் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தண்ணீரில் ஊறாது. மஞ்சள் நிறம், ஒரு வாத்து படம், கீழே "6–12 மாதம்" என்று ஆங்கிலத்தில். குஞ்சுகளை விட்டு அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. எனவே அந்தச் சீட்டில் தகவல் பிழை ஏதும் இல்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

முந்நூறு சீட்டை எண்ணி எடுத்து, ஒன்று முதல் முந்நூறு வரை அழியாத மையால் நானே எழுதினேன். மூட்டையில் மிச்சம் எத்தனை இருக்கிறது என்று எண்ணவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட ஒரே பொருள் அது.

குளத்து மீனவர் சங்கத் தலைவர் பழனான் பரிசலில் உட்கார்ந்து மீனைப் பிடித்துக் கொடுக்க, நான் முதுகுத் துடுப்புக்கு அடியில் வாத்து குத்தி விட்டேன். மூன்று நாள், முந்நூறு கட்லா. முதல் நாள் முழுக்கப் பழனான் ஒவ்வொரு வாத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டே மீனை எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் மத்தியானம்தான், "ஏனுங்க சார், இதுகளுக்குக் காதுகுத்து வெக்கறமே, தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டாமுங்களா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் இரண்டு வாரம் சங்கத்தார் வழக்கம்போல மீன் பிடித்து விற்பார்கள். பதிவேட்டில் எண்ணிக்கை எழுதிக்கொள்வார்கள். மீனை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் சீட்டைத் திருப்பித் தர வேண்டும். சும்மா தருவார்களா? உலகம் முழுக்க இதற்குச் சின்னப் பரிசு கொடுப்பது வழக்கம். கேன்சலான பனியனில் ஒரு நூறு தருவதாகச் செல்வராசு ஒத்துக்கொண்டான். நாற்பது, நாற்பத்தைந்து சீட்டு வரும் என்பது என் மதிப்பீடு. பாதுகாப்புக்கு இரண்டு மடங்குக்கும் மேலேயே கேட்டிருந்தேன்.

"நூறே சாஸ்திங்க மாமா. திருப்பூர்ல ஒரு பனியனுக்காக எவன் ரோட்டத் தாண்டுவான்?" என்றான்.

பிறகு அறிவிப்பு. அதை நானே தயாரித்தேன். சீட்டு எப்படி இருக்கும் என்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா? அசல் அளவில் வரைந்து, வாத்துக்குக் கலர் அடித்து, உதாரணத்துக்கு 47 என்று எண்ணும் போட்டேன். கீழே, "இந்தச் சீட்டைக் கொண்டுவந்து தருவோருக்கு, சீட்டு ஒன்றுக்கு ஒரு குழந்தை பனியன் பரிசு. ஞாயிறு காலை பத்து மணி, குளக்கரை." போலி தயாரிக்க நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான கையேட்டை யாரும் எழுதியிருக்க முடியாது. செல்வராசு அதை நாற்பது ஜெராக்ஸ் எடுத்து, மீன் விற்கும் தெருக்களிலெல்லாம் ஒட்டினான். தன் யூனிட் வாசலிலும் ஒன்று ஒட்டினான். அதாவது, மூட்டை இருந்த மாடிப்படிக்கு நேர் எதிரே.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு நான் குளக்கரைக்குப் போனபோது, கரை முழுக்க ஜனம். ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்து, வரிசையைச் சுற்றிக்கொண்டு போனேன். வரிசையின் தலைப்பில் இருந்தது என் மேஜை. சாமியானா, மைக் செட், நிலையத் தலைவர் எல்லாரும் தயார்.

முதல் இரண்டு சீட்டும் ஒழுங்கானவை. வளைந்து, பாசி படிந்து, மீன் வாசத்தோடு வந்தன. மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் ஜெபமணி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பேக்கிங்கில் வேலை செய்பவர். கைக்குட்டையைப் பிரித்து ஒரு சீட்டை வைத்தார். பளபளவென்று இருந்தது. எண் 47. எடுத்து மோந்து பார்த்தேன். குட்டிக்கூரா பவுடர் வாசம்.

"இது எந்த மீனில் இருந்தது?"

"கொளத்து மீன்ல சார்."

"என்ன செஞ்சீங்க?"

"கொழம்பு வச்சேன்."

"சீட்டு நனையவே இல்லையேம்மா."

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "ரெண்டு வருசமா இந்தப் பனியன மடிச்சு மடிச்சு பொட்டியில போடுதேன் சார். கேட்டுல பையத் தடவிப் பாத்துத்தான் வெளிய விடுதாவ. எம்புள்ளைக்கு ஒண்ணு போட்டுப் பாக்கணும்னு இருக்காதா?" என்றார்.

நான் பதிவேட்டில் எழுதினேன்: எண் 47, கட்லா, குழம்பு. பனியனை எடுத்துக் கொடுத்தேன்.

விஞ்ஞானம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அடுத்து வந்தவரும் 47. அவரைத் தடுக்கப் பார்த்தேன். அவர் அறிவிப்பின் ஜெராக்ஸைப் பையிலிருந்து எடுத்து, சத்தமாகப் படித்துவிட்டு, "மீனு கொண்டாரோணும்னு எங்கீங்க போட்டிருக்குது?" என்று மரியாதையாகக் கேட்டார். போட்டிருக்கவில்லை. நான் சீட்டுகளை மோந்து பார்ப்பதை வரிசை கவனித்துவிட்டது. பத்து நிமிடத்தில் எல்லாச் சீட்டும் மீன் வாசம் அடிக்க ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தேன். கரையோரம் பழனானின் மனைவி விற்பனைக்கு வைத்திருந்த ஒரு ஜிலேபி மீனை ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருவதுபோல் தொட்டுவிட்டு வந்தார்கள். நான் ஜிலேபி மீன் எதற்கும் அடையாளம் குத்தியதே இல்லை.

நூறு பனியன் பத்தே முக்காலுக்குத் தீர்ந்தது. இதற்குள் நிலையத் தலைவர் மைக்கைப் பிடித்து, ஆராய்ச்சிக்குப் பொதுமக்கள் தரும் இந்த ஒத்துழைப்பைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றும், ஒருவர்கூட வெறுங்கையோடு போகக் கூடாது என்றும் அறிவித்துவிட்டார். கைதட்டல். செல்வராசு என்னைப் பார்த்தான். அந்த நாலாயிரம் பீஸையும் மொத்தமாக, ஸ்டாக் லாட் விலைக்கு எடுக்க ஒருவர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. பிறகு யூனிட்டுக்கு வேனை அனுப்பினான். மூன்று நடை.

ஒன்றரை மணிக்கு வரிசை முடிந்தபோது என் மேஜையில் எழுநூற்றுப் பன்னிரண்டு சீட்டு இருந்தது. நான் குத்தியது முந்நூறு.

தலைவர் மைக்கை என்னிடம் நீட்டினார். "சொல்லுங்க சார். இந்தக் குளத்தில் மொத்தம் எத்தனை மீன்?"

இந்த இடத்தில் வேறு யாராயிருந்தாலும், கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிறேன் என்றிருப்பார்கள். நான் சட்டைப்பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தேன். அடையாளம் குத்தியது முந்நூறு. சங்கப் பதிவேட்டின்படி பிடித்தது தொள்ளாயிரம். இரண்டையும் பெருக்கி எழுநூற்றுப் பன்னிரண்டால் வகுத்தேன். வந்ததை மைக்கில் படித்தேன்.

"முந்நூற்று எழுபத்தொன்பது."

தொள்ளாயிரம் மீனைப் பிடித்து விற்ற குளத்தில், பிடிப்பதற்கு முன்பே மொத்தம் முந்நூற்று எழுபத்தொன்பதுதான் இருந்தன என்று எண்ணூறு பேர் முன்னால் ஒலிபெருக்கியில் சொன்னேன். பழனான் நேர்மையான மனிதர். கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அதற்குள் தலைவர் மைக்கை வாங்கி, குளத்தின் நிலைமை இவ்வளவு மோசமாக இருப்பது தனக்கு வருத்தம் அளிப்பதாகவும், அடுத்த வருடம் குஞ்சுகள் இரண்டு மடங்காக விடப்படும் என்றும் சொன்னார். பழனான் தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் சீட்டுகளைக் கொட்டிப் பிரித்தேன். எனக்கு ஏழு எழுதும்போது நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடும் பழக்கம். நாலு எழுதினால் கொக்கி சற்று நீண்டிருக்கும். என் கையெழுத்து என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை நாற்பத்தொன்று. என் மதிப்பீடு சரியாகத்தான் இருந்திருக்கிறது. மற்றவற்றில் ஒன்றுக்கு எண் ஆயிரம். ஒன்றில் செல்போன் நம்பர். நாற்பத்தேழு மட்டும் நூற்று முப்பத்தாறு. அதில் ஒன்றில்கூட ஏழுக்குக் குறுக்குக் கோடு இல்லை.

நாற்பத்தொன்றை வைத்துக் கணக்குப் போட்டால் ஆறாயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்து மீன். நல்ல, ஆரோக்கியமான எண். எல்லாவற்றையும் விளக்கி, பதினொரு பக்கத்தில் நிலையத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். அவர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மிகவும் தணிவாகப் பேசினார். குஞ்சுக்கு உத்தரவு போயாகிவிட்டது. மக்கள் முன்னால் அறிவித்தாகிவிட்டது. இப்போது குளம் நிறைய மீன் என்று எழுதினால், எழுதுகிற என்னையும் கேட்பார்கள், உத்தரவில் கையெழுத்துப் போட்ட அவரையும் கேட்பார்கள்.

"அப்போ அறிக்கையில் என் பெயர் வேண்டாம் சார்," என்றேன்.

"அதெப்படி? உங்க ஆய்வாச்சே," என்றார்.

அறிக்கை வெளிவந்தது. முதல் பெயர் என்னுடையது. அதற்குப் பின்னால் வேறு பெயரே இல்லை. எழுத்துப் பிழைகூட இல்லை. அட்டவணை ஒன்று, குளத்தில் இருந்த மொத்த மீன்கள்: 379. அட்டவணை இரண்டு, பிடிக்கப்பட்ட மீன்கள்: 900. இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில். இதுவரை ஒருவரும் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பழனான் மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி நாலு கிலோ கட்லா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் நான் முதுகுத் துடுப்பைத் தடவிப் பார்த்த பிறகுதான் என் மனைவி அரிவாள்மனையை எடுப்பாள்.

குடும்பத்தில் 'முந்நூத்தி எழுபத்தொம்பது' என்றால் நடக்க முடியாத கணக்கு என்று அர்த்தம் ஆகிவிட்டது. என் மகள் கல்யாணத்தில் சமையல்காரர் பந்திக்கு எத்தனை இலை என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராசு குறுக்கே வந்து, "அவரை எண்ண உடாதீங்க. பாதிச் சனம் பட்டினி கெடக்கும்," என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான். எழுநூற்றுப் பன்னிரண்டு பனியன் கொடுத்தவன், அவனைக் குறை சொல்ல முடியாது.

மகளுக்குப் பையன் பிறந்தான். அவனுக்கு ஏழு மாதமானபோது செல்வராசு ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே வாத்து போட்ட மஞ்சள் பனியன். கழுத்துப் பட்டியில் சீட்டு. சீட்டில், மையால் எழுதிய எண் 47.

"நூத்தி முப்பத்தேழாவதுங்க மாமா. ஒருவழியா அசல் மாட்டிருச்சு," என்றான்.

வீடே சிரித்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழில் குறுக்குக் கோடு இல்லை.