செருப்போடு கோயிலுக்குள் வந்தவர்

லிங்கி ஊர்ப் பக்கத்து எஸ்டேட் தோட்டங்களில் மின்சாரத்தை அதட்டி வேலை வாங்கிய ஒரே மனிதர் கரண்டு மாமாதான். லாரி ஓட்டுவது அவர் தொழில். வயரிங் அவருக்குத் தானாக வந்த அருள். ஃபேன் சுற்றாவிட்டால் முதலில் ஃபேனைத் திட்டுவார், பிறகு வீட்டுக்காரரை. மாரியம்மன் கோயிலுக்குள் ரப்பர் செருப்போடு நடப்பவரும் அவர் ஒருவரே. "கரண்டு வேலைலா, செருப்பு வேணும்" என்று கோயில் தலைவரிடம் சண்டை போட்டு வாங்கிய உரிமை அது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். படித்ததும் வயரிங்தான். ஒரு திருவிழாக் காலையில் கோயிலில் அவர் மாட்டியிருந்த மின்சாரப் பெட்டியைத் திறந்தேன், ரத்தம் கொதித்தது. மின்சாரம் வயரை விட்டுக் கசிந்தால் உடனே அணைத்து உயிரைக் காப்பது டிரிப் சுவிட்ச். அதைத் தாண்டி ஒரு துண்டு வயரை இணைத்து, சுவிட்சைச் சும்மா உட்கார வைத்திருந்தார்.

"ஏன் மாமா இப்படி?"

"சும்மா சும்மா விழுதுடா. பூஜை நடுவுல மைக் நின்னா ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது, நீயா?"

"விழுதுன்னா எங்கயோ லீக் ஆவுதுன்னு அர்த்தம்."

"பெரிய இன்ஜினியர்லா இவரு."

திருவிழாவுக்குப் போட்டிருந்த கூடாரத்தின் இரும்புக் காலில், கரண்டு இருந்தால் எரியும் டெஸ்ட் பென்னை வைத்தேன். எரிந்தது. மழை பெய்து தரையெல்லாம் சேறு. மாமா சிரித்துக்கொண்டே அந்தக் காலை இறுக்கிப் பிடித்தார்.

"பாத்தியா? என்னைய ஒண்ணும் செய்யாது. பழகிடுச்சி."

"ஒரு மண்ணும் பழகல. கரண்டு ஓட வழி வேணும், அந்த வழிய உங்க செருப்பு அடைக்குது. அந்தா பால்குடம் தூக்கிட்டு வர்றாங்களே, அவங்க கால்ல என்னா இருக்கு?" கத்தியே விட்டேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். வாசலில் பெண்கள், எல்லாம் வெறுங்கால். முதல் ஆளாக அவர் மனைவி, எங்கள் அத்தை. மாமா பாய்ந்து போய் மெயினை அணைத்தார். அந்தத் துண்டு வயரை அவரே பிடுங்கினார்.

கூடாரத்தில் உரசிக் கிழிந்திருந்த வயரைக் கழற்றி எறிந்தோம். அவர் இழுத்திருந்த மற்ற வயர்களும் லேசுப்பட்டவையா? பூஜை நடுவே மூன்று தடவை டிரிப் விழுந்தது. மைக் செத்தது. தலைவர் பாய்ந்து வந்தார்.

"எந்த மடையன்யா இன்னிக்குப் பார்த்துப் பெட்டியில கை வச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் வந்து நின்றார்.

"நான்தான். இப்ப அதுக்கு என்னா?"

ஊரே திட்டியது. என் பெயர் கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. மாதம் ஒருமுறை, இப்போது நான் இருக்கும் பகாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய், அவர் வீட்டு வயரிங்கைப் பார்த்து வாய் வலிக்கத் திட்டிவிட்டு வருகிறேன். ஒரு மாதம் போகாவிட்டால் எனக்குத்தான் என்னவோ போல் இருக்கிறது.