பதில் சொல்லும் பறவை

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஓர் அபூர்வப் பறவை வந்திறங்கியிருப்பதாகவும், கூப்பிட்டால் அது பதில் சொல்வதாகவும் போன வாரம் வாட்சாப்பில் ஒரு வதந்தி. விமானம் இறங்கும் ஊரில் பறவை இறங்குவது அதிசயமில்லை. பதில் சொல்வதுதான் இடித்தது. கேட்டதற்கு மனிதர்களே பதில் சொல்லாத காலமாயிற்றே. நேரில் பார்க்கக் கிளம்பினேன். பறவைக்கு முன்னால் தென்பட்டது வேறோர் இனம்: புதிதாகக் குடிவந்த பறவைப் பிரியர்.

அடையாளம் எளிது. இலைப்பச்சைச் சட்டை, கழுத்தில் பைனாகுலர், முகத்தில் லேசான ஏமாற்றம். வீடு மாறும்போது பழைய ஊர்ப் பறவைகளையும் மூட்டை கட்டி வந்துவிடும் இனம் இது. நம் மைனா அதற்குக் கொஞ்சம் குண்டு, மீன்கொத்திக்கு நீலம் போதாது, கொக்குக்கு மரியாதை தெரியவில்லை. "எங்க கோலாலம்பூர்ல" என்று தொடங்காமல் ஒரு காக்கையைக்கூட அதனால் பார்க்க முடியாது. வந்த ஊரில் பேர் வாங்க ஓர் அபூர்வப் பறவை வேண்டும். அது கிடைக்கும்வரை தூக்கமில்லை.

நான் கண்டவர் திருநாவுக்கரசு, தொழிற்சாலை இன்ஜினியர். பினாங்குப் பறவைக் குழுவில் சேர்ந்து மாதக்கணக்காகியும் ஒருவரும் அவருக்கு 'வாங்க' என்று சொன்னதில்லை. நீலச்சிறகு ஆறுமணிக்குருவியின் பதிவுசெய்த குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு, புதரைப் பார்த்துக் காத்திருந்தார்.

புதர் பதில் சொன்னது.

"கேட்டீங்களா அண்ணே?" கண் கலங்கியிருந்தது. "இன்னும் முகம் காட்டல. ஆனா நேத்தைக்கு இன்னைக்கு வெட்கம் தெளிஞ்சிருச்சு லா."

குழுவில் அறிவித்தாயிற்றாம். வேறொருவரும் அதே குரலைக் கேட்டதாக எழுத, பதிவு உறுதியாம். பாராட்டு மழை. 'வாங்க' கூட வந்துவிட்டது.

மறுபடி ஒலிக்கவிட்டார். மறுபடி பதில். ஆனால் பறவை பாதியில் கூவலை நிறுத்தி, கைப்பேசி போல மணியடித்து, "ஹலோ, மீன்தலை கறி தீர்ந்துச்சுன்னா சமையல்கட்டுல இமான்கிட்ட கேளு லா, நான் காட்டுக்குள்ள இருக்கேன்" என்றது.

புதரைச் சுற்றிப் போனோம். மறுபக்கம் ஷஃபீக், நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர், எதிர்க்கரைச் சுங்கை பாக்காப்பிலிருந்து அண்மையில் தீவுக்கு வந்தவர். கழுத்தில் பைனாகுலர். கையில் கைப்பேசி, அதிலும் அதே குருவியின் பதிவுக் குரல். குழுவில் உறுதிப்படுத்திய புண்ணியவான் அவர்தான்.

இருவரும் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

"குழுவுல நீங்களே சொல்லிருங்க அண்ணே," என்றார் ஷஃபீக். "மொதல்ல போட்டது நீங்கதானே."

"உங்களை நம்பித்தான் பாய் எல்லாரும் நம்புனாங்க. நீங்க சொன்னாதான் மரியாதையா இருக்கும்."

"நாளைக்கு ஒருவாட்டி வந்து பார்ப்போமே. நிஜமாவே ஒண்ணு வந்திருந்தா?"

"அதுவும் சரிதான்."

சிரிக்கிறீர்களா? உங்கள் கருத்தையே வேறொரு வாயிலிருந்து கேட்டதும், "பார்த்தியா, ஊரே சொல்லுது" என்று வீட்டில் முழங்கியது யார்? புதருக்கு மறுபக்கம் என்றைக்காவது போய்ப் பார்த்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை கூலிமிலிருந்து ஒரு வேன் நிறையப் பறவைப் பிரியர்கள் வருகிறார்களாம். இருவரும் குழுவுக்குத் தரவேண்டிய திருத்தம் இன்னும் பாக்கி.