தட்டுவதற்கு ஒரு கதவு

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
தை 27, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஆரபிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். வாசலில் பனி முழங்கால் மட்டும் நிற்கிறது, அதுவும் சுகம். அக்ராவில் நீயும் குவேசியும் அவர் வீட்டாரும் கானா வெயிலிலும் தூசியிலும் வாடாமல் இருக்க வேண்டுகிறேன். நேற்று நீ அனுப்பிய ஆறு வரிச் செய்தி கிடைத்தது. ஆறு வரிக்கு ஆறு வரியில் பதில் எழுத எனக்கு வராது என்பது, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என்னிடமே ஒன்பது வருடம் படித்த உனக்குத் தெரியும். எனவே இருந்து, ஆறுதலாக வாசி.

நீ எழுதியதை அப்படியே எடுத்து எழுதுகிறேன், பிறகு நான் விளங்காமல் பதில் எழுதினேன் என்று சொல்லக்கூடாது. "அப்பா, மாசி 21 சனி காலமை குவேசியின்ரை ஆக்கள் பொம்பிளை கேட்டு வருவினம். கதவை மூண்டு தரம் தட்டுவினம், நீங்கள் மூண்டு தரமும் ஆரெண்டு கேட்டுப் பிறகு திறக்கவேணும், அதுதான் அவையின்ரை முறை. என்னட்டை இருக்கிறது ஒரு சின்ன அறை, அதாலை நீங்கள் நிக்கிற ஹொட்டேல்தான் பொம்பிளை வீடு. மலிவா, துப்புரவா ஒரு அறை காணும். கதவு இருக்கவேணும், கதவுக்குப் பின்னாலை நீங்கள் இருக்கவேணும். மூண்டு மாசமா ஹொட்டேல் பாக்கிறியள். வெள்ளிக்கிழமைக்கு முதல் பதியாட்டில் உங்களுக்கு வர விருப்பமில்லை எண்டு எடுப்பன். கிறிஸ்ரியன் அப்பாவின்ரை இடத்திலை இருக்க ஓம் எண்டிட்டார்."

முதலில் உன் மேலதிகாரி கிறிஸ்ரியனைப் பற்றி. தங்கமான மனிதர், எனக்கு அவரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யோசித்துப் பார், அவர் நோர்வேஜியர். நான் இந்த நாட்டில் முப்பத்தைந்து வருடம் வாழ்ந்து கண்ட உதாரணங்களை வைத்துச் சொல்கிறேன்: கதவைத் தட்டினால் இவர்கள் எழுந்து வருவதில்லை. இன்றைக்கு யாரையும் வரச்சொல்லவில்லையே என்று நாட்காட்டியைப் பார்ப்பார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, தட்டியவர் போகும்வரை கதிரையோடு கதிரையாக இருப்பார்கள். குவேசியின் ஆட்கள் மேளத்தோடு வந்து மூன்று தரம் தட்ட, உள்ளே கிறிஸ்ரியன் மூச்சுவிடாமல் இருந்தால் உன் கலியாணம் என்ன ஆவது?

அடுத்தது அந்த மூன்று மாதம். மலிவான ஒரு அறை எடுப்பது அரைமணி நேர வேலை என்று நீ நினைக்கிறாய். கணக்குப் படிப்பித்தவன் அப்படி நினைக்கமாட்டான். நான் நாற்பத்தொரு கேள்வி தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி ஒதுக்கி, அக்ராவில் ஏழு விடுதிகளுக்கு அனுப்பினேன். ஐந்து விடுதிகள் வாயே திறக்கவில்லை. ஒன்று நாற்பத்தொரு கேள்விக்கும் 'ஆம்' என்று ஒரே பதிலை எழுதியிருந்தது. அதில் முப்பதாவது கேள்வி, அங்கே எங்களுக்கு ஏதாவது ஆபத்து உண்டா என்பது. மிஞ்சியது நீ வேலை செய்யும் இடத்துக்குக் கிட்ட, தேஷி என்ற பகுதியில் இருக்கும் ஒரு சிறிய விடுதி. பொறுமைக்குப் பலன் உண்டு என்று ஆங்கிலத்தில் அதற்குப் பெயர். நடத்துபவர் அகோசுவா என்ற பெண்மணி, ஆங்கில மரியாதையில் மடம் அகோசுவா. அவர் நாளுக்கு எட்டுக் கேள்வியாக ஐந்து நாளும், மிஞ்சின ஒன்றுக்கு ஆறாம் நாளும் பதில் எழுதினார். நான் படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளையாவது வீட்டுப்பாடத்தை இப்படிச் செய்ததில்லை. தண்ணீர் பற்றிய கேள்விக்கு அவர் எழுதியது: "நகரத் தண்ணீர் வராவிட்டால் கூரையில் தாங்கி இருக்கிறது. தாங்கி முடிந்தால் லொறிக்குச் சொல்வேன். லொறியும் வராவிட்டால் எல்லோரும் ஒரேமாதிரி மணப்போம், ஐயா, ஒருவரும் வெட்கப்படத் தேவையில்லை." மின்சாரம் நின்றால் எத்தனை நிமிடத்தில் ஜெனரேற்றர் இயங்கும் என்று கேட்டதற்கு, "என் தம்பி செபத்தில் இல்லாவிட்டால் இரண்டு நிமிடம்" என்று இருந்தது. கதவு என்ன மரம், என்ன தடிப்பு, உள்ளே எத்தனை தாழ்ப்பாள் என்று நான் கேட்ட மூன்று கேள்விக்கும் சேர்த்து, "ஐயா தங்க வருகிறாரா, விடுதியை வாங்க வருகிறாரா?" என்று எழுதிவிட்டார். இத்தனையும் கேட்ட நான் குடியிருக்கும் கட்டடத்தில் கார்த்திகை மாதம் மின்தூக்கி பதினொரு நாள் நின்றது. ஏழு மாடியும் அரிசி மூட்டையோடு ஏறினேன். அதைப் பற்றி ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இதற்கிடையில் நான் செய்த பிழை, ட்வெய்ட்டாவில் மரக்கறி வாங்கப்போன இடத்தில் ஜெயரத்தினம் மாமாவைக் கண்டு ஒரு வார்த்தை சொன்னது. வெண்டிக்காய் வீடு வந்து சேரமுதல் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பின்னேரம் எங்கள் இருக்கையறையில் ஒன்பது பேர். ரொம்சோசிலிருந்து உன் கஜேந்தினிச் சித்தியும் சித்தப்பாவும் ஆறு நுளம்பு வலையோடு வந்திருந்தார்கள். ஆபிரிக்காவைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தொலைக்காட்சியில் சிங்கம் மானைப் பிடிப்பதைப் பார்த்தவர்கள்தான்.

"மாஸ்ரர், அங்கை தண்ணியிலை கையும் நனைக்கக்கூடாது" என்றார் ஜெயரத்தினம் மாமா.

"அப்ப கையை எப்பிடிக் கழுவிறது?"

"கழுவக்கூடாது."

"அத்தான், பெடியன் நல்ல கறுப்போ?" என்று உன் சித்தி கேட்டாள். உன் சித்தப்பா பக்கத்தில்தான் இருந்தார். மழைக்கால இருட்டில் அவரைக் கார்க்காரருக்குத் தெரியாது என்று, கைக்கு ஒன்று காலுக்கு ஒன்றாக ஒளிரும் பட்டி கட்டிவிடுகிறவள் அவள்தான். அவர் வடையைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறார்.

"நான் கொழும்பிலை ஏறி நேரா ஒஸ்லோவிலை இறங்கினனான். நடுவிலை ஒரு மண்ணும் மிதிக்கேல்லை. இந்த வயசிலை உங்களுக்கு என்னத்துக்கு மாஸ்ரர் அந்த ஊர்?" என்று மாமா திரும்பவும் தொடங்கினார். நான் சிரித்துக்கொண்டு தேநீர் ஊற்றினேன். இந்த ஒன்பது பேரும் இங்கே வந்து இறங்கிய நாட்களில், இவர்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கலாமா, இவர்கள் தொட்ட தண்ணீரைக் குடிக்கலாமா என்று எத்தனை வீட்டில் ஒன்பது ஒன்பது பேராக இருந்து கதைத்திருப்பார்கள். அவர்கள் கோப்பி குடித்துக்கொண்டு கதைத்திருப்பார்கள், இவர்கள் தேநீர் குடித்தார்கள். நானும் வாய் திறக்கவில்லையென்பதால் என்னையும் சேர்த்துப் பத்து என்று எண்ணிக்கொள்.

அன்றைக்கு வாய் திறக்காததன் பலன் அடுத்த கிழமையே கிடைத்தது. அறையை உறுதிசெய்யக் கடவுச்சீட்டின் பிரதி வேண்டும் என்று மடம் அகோசுவா எழுதினார். அதை நான் திரும்பவும் கூடியிருந்தவர்களுக்குச் சத்தமாக வாசித்ததும் வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. "பாஸ்போட்டைக் குடுத்தால் போச்சு" என்றார் ஒருவர். "ஏஜென்சியிட்டைக் குடுத்த பாஸ்போட்டைத் திரும்பக் கண்டவன் ஆர்?" என்றார் இன்னொருவர். காசு வாங்கிக் களவாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சி காலம் போய் முப்பது வருடம், இப்போது எல்லோரிடமும் சிவப்பு நோர்வேக் கடவுச்சீட்டு. ஆனாலும் அந்தப் பயம் மட்டும் காலாவதியாகவில்லை. இலக்கத்தின்மேல் கடதாசி ஒட்டினேன். பிறந்த திகதியின்மேல் ஒட்டினேன். முகமும் ஆபத்து என்றார் மாமா, முகத்தின்மேலும் ஒட்டி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. "அன்புள்ள மாஸ்ரர், உங்கள் கழுத்தின் படம் நன்றியுடன் கிடைத்தது."

பிறகு ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள் என்று நீதான் சொன்னாய். முன்பு எப்போதாவது போட்டதுண்டா என்று தாதி கேட்டார். வாழ்நாளில் இல்லை என்றேன். அம்மா ஊசி போட்டுக்கொண்டு அன்று பின்னேரமே பிட்டு அவித்தாள், நான் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். காய்ச்சல் விட்டதும், நுளம்பு வலை கட்டிப் பழகவேண்டும் என்று உன் சித்தி வந்து நின்றாள். வெளியே பதினான்கு பாகை உறைகுளிர், ஒரு நுளம்பு உயிரோடு வருவதென்றால் ஸ்பெயினில் இருந்துதான் வரவேண்டும். ஆனாலும் கட்டினோம். விடிய நான் வலக்காலை வெளியே வைத்தேன், இடக்கால் வலையோடு வந்தது, வலையோடு திரைச்சீலைக் கம்பியும் வந்தது, கம்பியோடு அம்மாவின் கற்றாழைச் சட்டியும் வந்தது. நான் மீன் மாதிரிக் கிடந்து துடிக்க, அம்மா கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "நுளம்பு வந்தாலும் உங்களைக் கண்டு சிரிச்சிட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் வைக்கப் போனாள்.

கடைசியாகப் போன வியாழக்கிழமை மடம் அகோசுவா எழுதியது இது: "மாஸ்ரர், நீங்கள் நாற்பத்தொரு கேள்வி கேட்டீர்கள், நாற்பத்தொன்றுக்கும் பதில் தந்தேன். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிறீர்களா?" அந்தக் கேள்வி என் அட்டவணையில் இல்லாதபடியால் இன்னும் பதில் எழுதவில்லை.

ஆகவே மகளே, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து நான் கண்ட வழியைச் சொல்கிறேன், கோபிக்காதே. குவேசியின் ஆட்கள் மடம் அகோசுவாவின் விடுதிக் கதவையே தட்டட்டும். உள்ளே ஒரு கதிரையில் தொலைபேசியை நிறுத்தி வைத்துவிடு. நான் இங்கே வேட்டி சால்வையோடு எங்கள் வீட்டுக் கதவடியில் இருப்பேன். அங்கே தட்டும் சத்தம் கேட்டதும் மூன்று தரம் ஆரென்று கேட்டு இங்கே திறப்பேன். அந்த நேரம் மாடிப்படியில் யாராவது நின்றால் அவர்களும் கொஞ்சம் பலகாரம் சாப்பிடட்டும். தொலைபேசி விழாமல் பிடிக்கும் வேலையைக் கிறிஸ்ரியன் நன்றாகச் செய்வார். இப்படிச் செய்தால் தண்ணீர், ஜெனரேற்றர், தாழ்ப்பாள் ஒன்றும் பிரச்சினை இல்லை. அடுத்த வருடம் கோடையில் ஆறுதலாக வந்து பார்க்கிறோம்.

நீயும் குவேசியும் நிறைந்த ஆயுளோடும் சிரிப்போடும் வாழ அப்பாவின் ஆசி என்றும் உண்டு. குவேசியின் தாயாருக்கு என் வணக்கம். மடம் அகோசுவாவைக் கண்டால் என் கழுத்தின் சார்பிலும் நன்றி சொல்லு.

உன் அன்பு அப்பா,
சி. இந்திரகுமார்
(இளைப்பாறிய ஆசிரியர்)

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் வெட்டிவிடு.

இதை அனுப்பமுதல் அம்மா வாசித்தாள். அறைக்குள் போய், திரும்பிவந்து ஒரு பழைய மஞ்சள் அட்டையைக் கடிதத்துக்கு மேலே வைத்தாள். பயணப்பெட்டி தேடும்போது என் பழைய மண்ணிறப் பையின் அடியில் இருந்து எடுத்தாளாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, அக்ரா, 1990. பெயர்: பிரான்சிஸ் ஆர்மூகம், மொறீசியஸ்.

"இதார் பிரான்சிஸ்?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"அப்ப நாப்பத்தொரு கேள்வியும் கேட்டது ஆர்? நீங்களோ, பிரான்சிஸோ?"

கட்டின மனிசியிடமும் பெற்ற பிள்ளையிடமும் இத்தனை வருடம் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன். அந்த வருடம் வைகாசியில் ஏஜென்சிக்காரன் எங்கள் ஒன்பது பேரையும் அக்ராவில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு ஹொட்டேல் அறையில் விட்டான். "நாளைக்கு வாறன், ஆர் தட்டினாலும் கதவைத் திறக்காதையுங்கோ" என்று சொல்லிப் போனான். அவனுடைய நாளை வர ஏழு மாதமானது. தட்டினால் பொலிஸ் என்று நினைத்து ஒன்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்போம். கிறிஸ்ரியனைப் பகிடி பண்ணினேனே, அந்தக் கலையில் அவருக்கு நான் வாத்தியார். ஒவ்வொரு மத்தியானமும் யாரோ ஒரு பெண் வந்து தட்டுவார். பதில் இல்லாமல், காலடிச் சத்தம் போய் முடிந்தபின் திறந்தால் வாசலில் மூடிய சட்டியில் சோறும் மீன்குழம்பும் இருக்கும். ஏழு மாதம் சாப்பிட்டோம். அவர் முகம் எனக்குத் தெரியாது. கதவுக்கு இந்தப் பக்கத்தில் இருந்துகூட ஒரு நன்றி சொல்லவில்லை. அந்த ஊசி மெய், ஏஜென்சிக்காரன் தந்த கள்ளக் கடவுச்சீட்டில் இருந்த பெயர்தான் பொய், அதனால்தான் இந்த மாதம் மெய்யான பெயருக்கு இன்னொன்று போடவேண்டி வந்தது. அதே ஊரில் கதவுக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்று மூன்று மாதத்துக்கு முன் நீ முதன்முதலில் கேட்டதும் எனக்குக் கேள்வி கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. உன் கலியாணத்துக்கு வர விருப்பமில்லாமல் இல்லை, பிள்ளை.

கடவுச்சீட்டை முகத்தோடு அனுப்பி, வருகிறோம் என்று எழுதிவிட்டேன். கழுத்தைவிட முகம் பரவாயில்லை என்று மடம் அகோசுவா பதில் போட்டார். மாசி 19 வியாழன் வந்து இறங்குகிறோம். பிறகு, அந்த அறையில் எனக்கு வலப்பக்கத்துப் பாயில் ஏழு மாதம் படுத்திருந்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஜெயரத்தினம், நான் போறன்" என்றேன். நேராக ஒஸ்லோவில் இறங்கியவர், பின்னால் சத்தம் போட்ட தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"மாஸ்ரர், பக்கத்து அறை வெறுமையோ எண்டு கேளுங்கோ."

"அங்கை தண்ணியிலை கை நனைக்கக்கூடாதெல்லோ?"

"நான் கழுவாமல் வாறன்."

இரண்டு அறை பதிந்தாயிற்று. கிறிஸ்ரியனைச் சாப்பாட்டுக்கு மட்டும் வரச்சொல். குவேசியின் பெரியவர்களிடம் ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவை. மூன்று தரம் தட்டவிட்டு, மூன்று தரம் ஆரென்று கேட்கச் சொன்னாய். அதற்கு என்னால் பொறுத்திருக்க ஏலாது. முதலாவது தட்டிலேயே திறந்துவிடுவேன்.